எந்தக் கையை நீட்டுவது

சங்ககிரி
பிப்ரவரி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம், அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளை சித்தார்த்தும் நிலவன் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். இப்போதைக்கு அவரிடம் நான் மரியாதையாகப் பேசுகிற பேச்சு அது ஒன்றுதான். இந்தக் கோணல்மாணல் எழுத்தைப் பார்த்துவிட்டு யாரோ நிலவன் வயசுப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே, ஆயுசெல்லாம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய உன் அம்மாவின் வலது கைதான் இது. சேலத்தில் அஸ்தம்பட்டி கிளினிக்கில் எனக்கு பிசியோதெரபி கொடுக்கிற நித்யஸ்ரீ என்ற பெண், உன்னைவிடச் சின்னவள், பந்தைப் பிசைந்தால் மட்டும் போதாது, தினம் ஒரு பக்கமாவது பேனா பிடித்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன். யாரையாச்சும் திட்டியாச்சும் எழுதுங்கம்மா, வெரலு மடங்குனாப் போதும் என்றாள். திட்டுவதற்கு எனக்கு ஆளா பஞ்சம்? உன்னிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன வாரம் போனில் கேட்டாயே, அத்தை சொன்னாங்க, நீங்க மாசக்கணக்கா கோயில்ல திருவிருந்து அப்பம் எடுக்கறதே இல்லையாமே, ஆண்டவர் மேல கோவமாம்மா என்று. உடனே லைன் போய்விட்டது. சிக்னல் ஒன்றும் போகவில்லை சாமி, நானேதான் வைத்தேன். அதோடு விட்டிருந்தால் சும்மா இருந்திருப்பேன். நீ அதற்கு முன்பே கனடாவிலிருந்து நம் போதகருக்குப் போன் போட்டு, அம்மாவை நேரில் பார்த்து ஆலோசனை சொல்லுங்கள் ஐயா என்று கேட்டிருக்கிறாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு ஆலோசனை! நான் என்ன பரீட்சையில் பெயிலான பெண்ணா? கோபமா என்று கேட்டாய் அல்லவா, கோபம்தான். எழுதிவிட்டேன், போதுமா. ஆனால் நான் திருவிருந்து எடுக்காததற்குக் காரணம் அது இல்லை. உன் அத்தைக்கு அது தெரியாது, போதகருக்கும் தெரியாது, உன் அப்பாவுக்குக்கூட இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. பொறுமையாகப் படி. நடுவில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போனால் கை வலிக்கிறது என்று அர்த்தம்.

முதலில், நான் குளியலறையில் வழுக்கி விழவில்லை. அது உன் அப்பா உனக்குச் சொன்ன கதை. நான் விழுந்தது நம் சபைக் கோயில் வாசலில், அறுப்பின் பண்டிகையன்று, காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுகிற நேரத்தில், ஊர் பார்க்க. ஏலத்துக்கென்று ஒரு சேவல் வளர்த்தேன் தெரியுமா, செவலை நிறம், கறுப்பு வால், குஞ்சிலிருந்தே இது கர்த்தருக்கு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது, அப்பா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தும் நான் கொடுக்கவில்லை. பண்டிகையன்று காலையில் நான் பிரியாணி அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உன் அத்தை அறிவுச்செல்வி வந்து, உடுங்கண்ணி, சேவக்கால நாங் கட்டறேன் என்று எதையோ ஒரு நாடாவை எடுத்துக் கட்டினாள். கட்டின அழகுக்கு, போதகர் ஏலத்தை ஆரம்பித்துச் சேவலைத் தூக்கிக் காட்டினதும் அது உதறிக்கொண்டு பறந்து வாசல் வழியே ஓடிவிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கர்த்தருக்குப் படைத்த சேவல் ஆயிற்றே, என்னால் சிரிக்க முடியுமா? ஓடினேன். படியில் நாமக்கல் பண்ணைக்காரர் ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த முட்டைத் தட்டு சரிந்து உடைந்து கிடந்ததை யாரும் துடைக்கவில்லை. அதில் கால் வைத்தேன், வலது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. சேவலைப் பிடித்துவிட்டார்கள், அதை நல்ல விலைக்கு ஏலமும் விட்டார்கள், பண்டிகை சிறப்பாக நடந்தது என்று ஜெபத்தில் நன்றியும் சொன்னார்களாம்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. நேராக சேலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். உன் அப்பா லாரி புக்கிங் ஆபீசை விட்டு ரிட்டயர் ஆனாலும் லாரிக்காரர்கள் அவரை விடவில்லை. டிரைவர் சின்னுசாமி ஓடி வந்து, ஆசுபத்திரிக்குப் போனா அறுத்துப்போடுவாங்ணா, நம்ம ரோட்டுல ஓடற டிரைவர் அத்தன பேரும் கை முறிஞ்சா எலும்புக்கட்டு வைத்தியர்கிட்டத்தான் கட்டறாங்க, ஒருத்தனாச்சும் ஸ்டியரிங்க உட்டானா என்று கேட்டான். உடனே உன் அப்பா காரைத் திருப்பிவிட்டார். நான் வலியில் கத்திக்கொண்டே வேண்டாம் என்றேன், யார் கேட்டது? ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அந்த வைத்தியர் என் கையை இழுத்து, முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். முட்டையில் வழுக்கி விழுந்தவளுக்கு முட்டையிலேயே கட்டு. மூன்றாம் நாள் கட்டுக்குள் எறும்பு புகுந்துவிட்டது, மலரு. கட்டைப் பிரிக்கக் கூடாது என்று கட்டளை, உள்ளே எறும்பு ஊர்கிறது, சொறிய முடியவில்லை. பின்னல் ஊசியை விட்டுக் குத்திக்கொண்டு நான் அழுத அழுகைக்குக் கர்த்தர் பதில் சொல்லவில்லை, உன் அப்பாதான் கட்டின் மேல் மஞ்சள் பொடியைத் தூவினார்.

கட்டைப் பிரித்தபோது கை எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்றைப் போல ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் அஸ்தம்பட்டிக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கோணலாகச் சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, மறுபடி கட்டு. ஒரே கை, இரண்டு தடவை முறிந்தது. இப்போது கட்டெல்லாம் எடுத்தாயிற்று, பேனா பிடிக்கிறேன், சாவி திருப்புகிறேன். ஆனால் உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பவில்லை. பாதியில் நின்றுகொள்கிறது. எழுத வருகிறது, ஏந்த வரவில்லை. முழுதாகத் திரும்புமா என்று கேட்டால் நித்யஸ்ரீ, பாக்கலாம்மா என்கிறாள், அந்தப் பாக்கலாம்மாவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் நானும் எத்தனையோ பெற்றோரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. நேற்று வலி தாங்காமல் நிறுத்திவிட்டேன். இனி ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பற்றி எழுதுகிறேன், அதற்கு இந்தக் கை போதாது. வந்தவர்கள் யாரும் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, ஆண்டவர் இதில் என்ன பாடம் சொல்கிறார் என்றுதான் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே வைத்திருந்தார்கள். பெண்கள் சங்கச் செயலாளர், கர்த்தர் உங்களுக்கு ஓய்வு கொடுக்கிறார், வேதாகமத்தில் கர்த்தர் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் பாடுபட்ட அக்காவையும் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்ட தங்கையையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்த அக்கா அன்றைக்கு சமைக்காமல் இருந்திருந்தால் வந்த அத்தனை பேரும் என்னத்தைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலாவது சொல்லியிருக்கிறார்களா? பண்டிகைக்குப் பண்டிகை என் பிரியாணியை இரண்டாம் தடவை டப்பாவில் வாங்கிக்கொண்டு போகிறவள் சொல்கிறாள். ஜெபக்குழுவிலிருந்து வந்த ஒருவர் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தார், நான் கதவைப் பார்த்தேன், புரிந்துகொண்டு போய்விட்டார். எல்லாவற்றுக்கும் மேல் உன் அத்தை. அண்ணி, தப்பா நெனைக்காதீங்க, எல்லாம் என்ற கையாலதான் ஆகோணும்னு உங்களுக்குக் கொஞ்சம் பெரும இருந்துச்சு, அதத்தான் ஆண்டவரு தட்டிட்டாரு என்றாள். சேவல் காலைக் கட்டத் தெரியாதவள் என் பெருமையை அளக்க வந்துவிட்டாள்! அன்றிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை.

நீ மட்டும் என்ன? காலையில் போனைத் திறந்தால் உன்னிடமிருந்து ஒரு ரோஜாப்பூ, ஒரு சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். ஒருநாள் என் வலது கையைக் கர்த்தர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று வருகிற வசனத்தை அனுப்பினாய். போன வருஷம் புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தபோது எனக்கு வந்ததும் அதே வசனம்தான், பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி உடையும் என்று கேட்கிறேன். பிடித்துக்கொண்டிருந்த லட்சணம் இதுதானா? இந்த வருஷம் அட்டைத் தட்டு என்னிடம் வந்தபோது நான் எடுக்கவில்லை, பக்கத்தில் தள்ளிவிட்டேன். உமக்கென்று வளர்த்த சேவலை உமக்கே கொடுக்க ஓடினேன், ஒரு படியில் கால் நிற்க வைக்க உம்மால் முடியவில்லையா என்று தினமும் கேட்கிறேன். நீ இதைப் படித்துப் பயப்படாதே. யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து யாரும் சண்டை போடுவதில்லை.

வலது கை போனால் என்னவெல்லாம் போகிறது என்று கை இருக்கிறவர்களுக்குத் தெரியாது. சோறு. உன் அப்பாதான் ஊட்டினார். ஸ்பூனில் சாப்பிடலாமே என்பாய், சாப்பிட்டேன், ஒரு வாரத்தில் வெறுத்துவிட்டது, ரசம் சோற்றை ஸ்பூனில் சாப்பிட்டால் சாப்பிட்ட மாதிரியா இருக்கிறது. அவர் பிசைகிற பிசையில் குழம்பு ஒரு பக்கம் சோறு ஒரு பக்கம், உருண்டை என் வாய் அளவுக்கு இல்லை, அவர் வாய் அளவுக்கு. திட்டிக்கொண்டே வாயைத் திறப்பேன், அவரும் பேசாமல் ஊட்டுவார், அவர் தப்புக்கு அவர் அனுபவிக்கட்டும் என்று இருந்தேன். குளிக்க வைப்பதற்கும் தலை பின்னுவதற்கும் பக்கத்து வீட்டுப் பாவாயி வந்தாள். எருமப்பட்டியிலிருந்து மருமகளாக வந்தவள், எருமை வைத்திருக்கிறாள், காளியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீ மிதிப்பவள், ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா என்பவள். அவள் முன்னால் நான் உட்கார்ந்து முதுகைக் காட்டினபோது எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள் காலையில் மளிகைக் கடைக்குப் போய்ப் பணத்தை இடது கையில் நீட்டினேன், கடைக்காரர் வாங்கவில்லை. மொதப் போணிங்க, சோத்தாங்கையில குடுங்க என்றார். கட்டைக் காட்டினேன். அப்ப அங்க வெச்சிருங்க, பொறவு எடுத்துக்கறேன் என்றார். பொருள் வாங்காமல் வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்த இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். விழுந்ததற்கு அப்புறம் வந்த முதல் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் போலப் போய்ப் பலிபீடத்துக்கு முன் முழங்கால் போட்டேன். உனக்குத் தெரியும், இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்து ஏந்த வேண்டும், அதில்தான் போதகர் அப்பத்தை வைப்பார், முதல் திருவிருந்துக்கு முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பில் உனக்கு நானே சொல்லிக்கொடுத்தது. வலது கை முழங்கையிலிருந்து விரல் வரை மூங்கிலும் முட்டையுமாகக் கிடக்கிறது. போதகர் எனக்கு முன்னால் வந்து நின்றார். இடது கையை நீட்டலாம் என்று மனசு சொன்னது, கை முந்தானையை விட்டு வரவில்லை. காலையில் அதால்தானே கழுவினேன். மளிகைக் கடைக்காரரே வாங்காத கையைக் கர்த்தருடைய மேசையில் எப்படி நீட்டுவது? எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சபையில் எப்படிப் பேசினார்கள் தெரியுமா, மேசை வரைக்கும் போய் எடுக்காமல் திரும்பினால் மனசுக்குள் ஒப்புரவாகாத பகை இருக்கிறது, நாத்தனாரோடு சண்டை, அதுதான் என்றார்கள். சண்டை இருந்தது உண்மை, அதற்காக எழுந்து வரவில்லை. அதற்கடுத்த மாதங்களில் நான் பலிபீடத்துக்குப் போகவே இல்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் வரிசையாக என்னைத் தாண்டிப் போவார்கள், நான் காலை ஒதுக்கி வழி விடுவேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த பசியை உனக்கு எப்படிச் சொல்வேன்.

நீ போனில் கேட்டுக்கொண்டபடி போதகர் வந்தார். நல்ல மனுஷர், சின்ன வயசு, திட்ட மனசு வரவில்லை. கை பிரச்சினை என்றால் நான் அப்பத்தை உங்கள் வாயிலேயே வைக்கிறேனே அம்மா, வீட்டுக்கே கொண்டு வரட்டுமா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார், காபி ஆறிவிடும் என்று மட்டும் சொன்னேன். உன்னிடம் சொல்கிறேன். ஐப்பசியிலிருந்து என் வாயில் யாராவது ஒருவர் எதையாவது வைத்துக்கொண்டே இருந்தார்கள் மலரு. அந்த ஒரு இடத்திலாவது நானே கை நீட்டி வாங்க வேண்டும் என்று இருந்தது. அங்கேயும் வாயைத் திறந்தால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது? வாயையும் திறக்க மாட்டேன், இடது கையையும் நீட்ட மாட்டேன், வலது கையோ திரும்பாது. இப்படி மூன்று பக்கமும் அடைத்து வைத்துக்கொண்டு, இதற்கெல்லாம் நீர்தான் காரணம் என்று கர்த்தரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை. இதை எழுதத்தான் பேனா பிடித்தேன் என்று நினைக்கிறேன். போன வாரம் ஒருநாள் பாவாயி எனக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நல்லாத்தானே வருது டீச்சரம்மா, அப்பறம் ஏன் கோயில்ல சாமி குடுக்கறத வாங்காம வாரீங்களாமா என்று கேட்டாள், அவள் காது வரைக்கும் போயிருக்கிறது பார். உள்ளங்கை திரும்பாததைச் சொன்னேன். அப்ப பீச்சாங்கையில வாங்கறது என்றாள். வாங்கக் கூடாதுடி என்றேன். அவள் சொம்பை நிறுத்திவிட்டாள். எங்க பூசாரி பீச்சாங்கைய நீட்டுனா மொறைப்பாருங்க, அது எங்க வழக்கம், உங்க சாமி ஆளப் பாக்காது, ஒசத்தி தாழ்த்தி பாக்காது, சுத்தம் அசுத்தம் பாக்காதுன்னு நீங்கதானே இத்தன வருசமா எங்கிட்டச் சொன்னீங்க, அப்ப அதுவும் கையப் பாத்துத்தான் குடுக்குமாக்கும் என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கேலிக்குத்தான் கேட்டாள், கேட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றி முடித்து எருமைக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தேன். வந்த பெரிய மனுஷர்கள் எல்லாம் பாடம் சொன்னார்கள், எல்லாவற்றையும் திருப்பி அடித்தேன், இவள் ஒரு கேள்வி கேட்டாள், அதைத் திருப்ப முடியவில்லை. அதோடு அவள் மேலும் கோபம். அன்றிலிருந்து ஞாயிறு வரைக்கும் தலையை நானே வாரிக்கொண்டேன், சடை எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அப்பா ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். பாட்டு ஆரம்பித்து வரிசை நகர்ந்தது, நான் எழுந்தேன். பின்னால் யாரோ மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. பலிபீடத்தில் முழங்கால் போட்டுவிட்டுப் பக்கத்தில் பார்த்தால் உன் அத்தை. என் நேரத்தைப் பார், அத்தனை பெண்களில் அவள்தான் என் பக்கத்தில். எழுந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. போதகர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் முந்தானைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து நீட்டினேன். நீட்டும்போது ஜெபம் ஒன்றும் செய்யவில்லை மலரு, சண்டைதான் போட்டேன். இதுதான் இருக்கிறது, இந்தக் கையும் நீர் படைத்ததுதான், கழுவுகிற கை, துடைக்கிற கை, ஒருநாளும் உம்முடைய மேசைக்கு நான் கூட்டிக்கொண்டு வராத கை, வேண்டுமென்றால் வையும், இல்லாவிட்டால் போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். போதகர் கையில் அப்பம் அப்படியே நின்றது, அவர் என் முகத்தைப் பார்த்தார், நானும் அவர் முகத்தையே பார்த்தேன். என் கை நடுங்க ஆரம்பித்தது. தாங்குவதற்குக் கீழே இன்னொரு கை இல்லையே. அப்போது கீழேயிருந்து ஏதோ வெதுவெதுப்பாக வந்து என் கையைத் தாங்கியது. உன் அத்தையின் உள்ளங்கை. ஆடாம இருங்கண்ணி, உழுந்துரப் போகுது என்று பல்லுக்குள்ளேயே அதட்டினாள். போதகர் அப்பத்தை என் இடது கையில் வைத்தார். எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தையைத்தான் எனக்கும் சொன்னார், ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை. வாங்கிச் சாப்பிட்டேன். முழங்காலில் இருந்தே அழுதேன், அழுததை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதுதான் பாடம் என்று உடனே ரோஜாப்பூ அனுப்பிவிடாதே. பாடம் சொல்லிக்கொடுக்கக் கர்த்தர் என் கையை உடைத்தார் என்று இப்போதும் நான் நம்பவில்லை, யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். சேவல் ஓடியது, முட்டை உடைந்தது, நான் விழுந்தேன், உன் அப்பா சின்னுசாமி பேச்சைக் கேட்டார். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டேன். கொடுக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது, சேவல் கொடுப்பேன், பிரியாணி போடுவேன், வாங்கத் தெரியவில்லை. மேசைக்குச் சொந்தக்காரர் கையைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தேன். கோபத்தோடு போனாலும் கொடுக்கிறார், அதையும் தெரிந்துகொண்டேன். இதைச் சொல்ல இவ்வளவு வலி தேவையா, காதில் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனா என்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். கேட்டிருப்பயா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருக்கு அன்றைக்குச் சாயந்திரம் காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன், அவர்தான் போடுகிறார் என்பது வேறு விஷயம்.

மற்றபடி இங்கே மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் மைசூர்பாகு டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பாவாயியிடம் திங்கட்கிழமையே போய், வாங்கிட்டேன்டி என்று சொன்னேன், எந்தக் கையில என்று கேட்டாள், காட்டினேன், செரி உக்காருங்க தலையக் காட்டுங்க, இது சடையா என்று திட்டினாள். நீ பனியில் நடக்கும்போது ஜாக்கிரதை சாமி, வழுக்கினால் கையை ஊன்றாதே, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும் என்று நித்யஸ்ரீ சொல்கிறாள். நிலவனைத் தனியாகப் படியில் விடாதே. யாராவது விழுந்துவிட்டால் முதலில் வலிக்கிறதா என்று கேள், வசனத்தைப் பிறகு அனுப்பு.

நீ எந்நாளும் நன்றாக இருக்க வேண்டும், உன் வீடும் உன் வாசலும் உன் பிள்ளையும் உன் கைகள் இரண்டும் சேதமில்லாமல் இருக்க வேண்டும் என்று, எனக்கு முழுதாய் வேலை செய்கிற இந்த இடது கையை உன் தலைமேல் வைத்து ஆசீர்வதிக்கிறேன், குறைவாக எண்ணாதே. போதகருக்கு நீ மறுபடி போன் செய்ய வேண்டாம். உன் அத்தைக்கு மட்டும் செய். நான் அவளோடு இன்னும் பேசவில்லை, பேச வாய் வரவில்லை. சேவல் காலைக் கட்டினதற்கு அம்மாவுக்கு இன்னும் கோபம் போகவில்லையாம், ஆனால் அன்றைக்கு உங்கள் கையை அவர்கள் தட்டிவிடவில்லை, கவனித்தீர்களா அத்தை என்று நீ கேள். அவளுக்குப் புரியும்.

அன்போடும் இன்னும் மிச்சமிருக்கிற கோபத்தோடும்,
உன் அம்மா